நாரி நோ, கழுத்துப் பிடிப்பு: பிசியோதெரபியோடு கைரோபிராக்டிக்கையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு

நோவுக்கு வழி சொல்ல யாழ்ப்பாணத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நாரியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாலே போதும். பக்கத்து வீட்டு அன்ரி நோ எண்ணெய்ப் போத்தலோடு வருவா. பாமசிக்காரர் இரண்டு குளிசை தருவார். டொக்டர் பிசியோதெரபிக்குத் துண்டு எழுதுவார். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில், "உதுக்கு ஏன் உவ்வளவு பாடு? இஞ்ச நாங்கள் கைரோவிட்டத்தான் போறனாங்கள். ஒருக்கா முறிச்சு விட்டால் சரி" என்பா.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் எல்லாவற்றையும் ஒரே கிழமையில் செய்துவிட்டு, ஒருவர் செய்ததை மற்றவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பிறகு எது சுகம் தந்தது, எது நோவைக் கூட்டியது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் கூட்டத்தில் இரண்டைப் பற்றியது: பிசியோதெரபி, கைரோபிராக்டிக். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா, சேர்த்தால் எந்த ஒழுங்கில், எப்போது நிறுத்துவது என்பவைதான் விஷயம். என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபியை அடியாக வையுங்கள். கைரோபிராக்டிக் தேவைப்பட்டால் அதற்கு மேலே வரட்டும். ஏன் அப்படி என்பது போகப் போகத் தெரியும்.

யார் என்ன செய்கிறார்கள்

பிசியோதெரபிஸ்ட் உங்களை நடக்க, குனிய, எழும்பச் சொல்லிப் பார்ப்பார். எந்தத் தசை பலவீனம், எந்த மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து அதற்கேற்ற உடற்பயிற்சி தருவார். கையாலும் வேலை செய்வார், தேவைப்பட்டால் சூடு, மெஷின் என்பவையும் வரும். ஆனால் அவருடைய சிகிச்சையின் பெரும்பகுதி நீங்கள் வீட்டில் செய்வதில்தான் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பிடிக்காத பகுதியும் அதுதான்.

கைரோபிராக்டர் கூடுதலாக முள்ளந்தண்டு மூட்டுகளில் கவனம் வைப்பவர். மூட்டை அதன் அசைவின் எல்லைவரை கொண்டுபோய், சிறிய வேகமான ஒரு தள்ளு தள்ளுவார். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்ற ஊரில் 1895இல் டானியல் டேவிட் பாமர் என்பவர் தொடங்கிய முறை இது. நோய்களில் பெரும்பாலானவை முள்ளந்தண்டு எலும்பு விலகுவதால் வருகின்றன என்பது அவருடைய நம்பிக்கை. இன்றைக்கு ஆய்வுகளைப் பார்த்து வேலை செய்யும் கைரோபிராக்டர்கள் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, முதுகு, கழுத்து நோவோடு நிற்கிறார்கள். ஆஸ்மா, சலரோகம், பிரஷர் எல்லாம் முதுகைச் சரிசெய்தால் மாறும் என்று யாராவது சொன்னால், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு இடம் மாறியிருந்ததாம், இப்போது டக்கென்று உட்கார்ந்துவிட்டதாம் என்று சனம் நம்புகிறது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் கரைந்திருக்கும் வாயு, மூட்டு இழுபடும்போது ஒரு குமிழ் வெளியாக விரிவதோடு தொடர்புள்ள சத்தம் அது. விரலில் நெட்டி முறிக்கும்போது மூட்டுக்குள் நடப்பதை 2015இல் எம்ஆர்ஐ படமாகவே எடுத்துக் காட்டினார்கள். சத்தம் பெரிதாக வந்தால் சுகம் பெரிது என்று கணக்கில்லை, சத்தம் வராமலும் பலன் கிடைக்கும்.

சரி, இந்தத் தள்ளலால் பலன் உண்டா? நாரி நோவுக்கு ஓரளவு உண்டு. நோ கொஞ்சம் குறையும், அசைவு இலகுவாகும், அது கொஞ்சக் காலம் நிற்கும். பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட நாரி நோ வழிகாட்டல், கையால் செய்யும் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது, ஆனால் உடற்பயிற்சி அடங்கிய சிகிச்சைத் திட்டத்தின் பகுதியாக மட்டும் என்று நிபந்தனை போடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட நாரி நோவுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. அதிலும் உடற்பயிற்சி, நோவைப் பற்றி விளங்கப்படுத்துதல், மசாஜ், முள்ளந்தண்டுக் கைச்சிகிச்சை என்பவை ஒன்றாக இருக்கின்றன. இடுப்புப் பெல்ட், இழுவை போடுதல், அல்ட்ராசவுண்ட் மெஷின் போன்றவை வழக்கமாகச் செய்யத் தேவையில்லாத பக்கத்தில் இருக்கின்றன. நம்மூரில் பெல்ட் வாங்காத நாரி நோக்காரரைக் காண்பது கஷ்டம் என்பது வேறு கதை.

ஆகவே கை வைத்து விடுவதால் கிடைக்கும் சுகம் ஒரு சந்தர்ப்பம். நோ குறைந்திருக்கும் அந்த நேரத்தில், முன்பு செய்ய முடியாமல் இருந்த பயிற்சியைச் செய்து தசையைப் பலப்படுத்திக்கொள்ளலாம். இரண்டையும் சேர்ப்பதற்கு இருக்கிற ஒரே நல்ல காரணம் இதுதான். பயிற்சியை விட்டுவிட்டுக் கைரோவை மட்டும் பிடித்தால், மாதம் தவறாமல் காசு கட்டிக்கொண்டு அதே நோவோடு இருப்பீர்கள்.

முதலில் இது கை வைக்கக்கூடிய நோவா?

எந்தச் சிகிச்சைக்கும் போக முன்னர் இதைப் பாருங்கள், இந்தப் பகுதியை மட்டும் அவசரப்பட்டு வாசிக்க வேண்டாம்.

நாரி நோவோடு மூத்திரம் போவது கட்டுப்படாமல் போனால் அல்லது போகாமல் அடைத்தால், மலம் தெரியாமல் போனால், இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போனால், கால் பலமிழந்து பாதம் தொங்கினால், அதே நாள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது நரம்புக் கட்டு நசிபடுவதன் அடையாளமாக இருக்கலாம், மணித்தியாலக் கணக்கு முக்கியம். விழுந்து அடிபட்ட பிறகு வந்த நோ, காய்ச்சலோடு வரும் நோ, இரவில் படுத்தாலும் அடங்காத நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இவையெல்லாம் டொக்டரிடம் முதலில் காட்ட வேண்டியவை. காசநோய் நெஞ்சில் மட்டும் வருவதில்லை, முள்ளந்தண்டிலும் வரும். அப்படியிருக்க முதுகை முறித்து விட்டால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் நோவாக இருந்தால் அதை உருவி விடக்கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம்.

வேகமான தள்ளுச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள். எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களும் நெடுநாள் ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்களும். வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து எடுப்பவர்கள். முடக்குவாதம் உள்ளவர்கள், அந்த வருத்தம் கழுத்தின் மேல் மூட்டைத் தளர்த்திவிடும், அதனால் கழுத்தில் கை வைக்கவே கூடாது. முள்ளந்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் செய்த சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்காமல் போகக்கூடாது.

இன்னொன்று, வேறு ஊர் வழிகாட்டிகளில் அதிகம் இராது, இங்கே கட்டாயம் எழுத வேண்டும். உடம்பில் யுத்த காலத்துச் செல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள். சின்னத் துண்டுதானே, இத்தனை வருடமாக ஒன்றும் செய்யவில்லையே என்று பலர் சொல்லாமல் விடுவார்கள். எம்ஆர்ஐ எடுக்க முன்னர் அதைச் சொல்லியே ஆக வேண்டும், காந்தம் இரும்பை இழுக்கும். சோட்வேவ் என்ற சூட்டு மெஷினும் உலோகத்தைச் சுற்றிச் சூட்டைக் கூட்டிச் சதையைப் பொசுக்கக்கூடும். முள்ளந்தண்டுக்குக் கிட்டத் துண்டு இருந்தால் அந்த இடத்தில் யாரும் தள்ளக்கூடாது. கேட்காவிட்டாலும் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். முறிவுக்குப் பிளேட், ஸ்குறூ வைத்தவர்களுக்கும் இதேதான்.

நீண்டநாள் சலரோகம் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாது. சுடுதண்ணிப் போத்தல் வைத்துக் கொப்புளம் போட்ட கால்கள் கிளினிக்கில் சாதாரணம். உங்கள் பாதம் சொல்வதை நம்பாமல், வீட்டில் வேறொருவரின் கையால் சூட்டைப் பார்த்து வையுங்கள்.

தொடங்குவது எங்கே

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால், அதுவும் நோ வந்து சில நாள்தான் என்றால், உடனே எங்கும் ஓடத் தேவையில்லை. திடீரென்று பிடித்த நாரி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே இறங்கும். இதில் செய்யக்கூடாத ஒரே காரியம் பாயில் நீட்டி நிமிர்ந்து கிடப்பது. மெல்ல நடவுங்கள், சூடு பிடியுங்கள், வழக்கமான வேலையில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள்.

நாலைந்து கிழமை தாண்டியும் நின்றால், அல்லது நோ காலுக்கு இறங்கினால், டொக்டரிடம் காட்டிப் பிசியோதெரபிக்குத் துண்டு வாங்குங்கள். யாழ் போதனா வைத்தியசாலை ஆஸ்பத்திரி வீதியில், பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் முதலில் விசாரியுங்கள். நோவோடு தூரப் பஸ்ஸில் குலுங்கி வருவதே ஒரு வருத்தம். அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரில் காத்திருப்புக் குறைவு. எங்கே போனாலும் பிசியோதெரபிஸ்ட் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை.

போகும்போது கிளினிக் கொப்பி, எடுக்கிற குளிசைகளின் மட்டை, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சேலை உடுத்துப் போகிற அம்மாமாருக்கு ஒரு யோசனை: முழங்காலையோ நாரியையோ பார்க்க வேண்டிவரும், தளர்ந்த பாவாடையோ காற்சட்டையோ கொண்டுபோனால் அங்கே மாற்றலாம். அப்புறம், "உடம்பெல்லாம் உளையுது" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே தொடங்குவார்? எந்த நேரம் கூட, எந்த வேலை செய்தால் கூட, என்ன செய்தால் குறையும், எவ்வளவு தூரம் நடந்தால் நிற்க வேண்டிவருகிறது என்று சொல்லுங்கள். தேங்காய் துருவி எழும்பும்போது பிடிக்கிறது என்ற ஒரு வசனம், பத்து எக்ஸ்ரேக்குச் சமம்.

எக்ஸ்ரே, ஸ்கான் பற்றியும் பயம் வேண்டாம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுத் தேய்ந்துவிட்டது என்று கடதாசியில் கண்டதும் பலர் ஆயுள் முடிந்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். நோவே இல்லாத ஆட்களை ஸ்கான் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் 20 வயதுக்காரரிலேயே 37 சதவீதமானோருக்குத் தட்டுத் தேய்வு இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பது போல வயதோடு வரும் மாற்றம்தான் அது. கடதாசியை வைத்துப் பயமுறுத்திப் பெரிய பக்கேஜ் விற்கப் பார்ப்பவர்களை இந்தக் கணக்கு தெரிந்தால் சமாளிக்கலாம்.

கைரோபிராக்டரைத் தேடும்போது

வடக்கில் முறையாகப் படித்த கைரோபிராக்டர் கிடைப்பது அரிது. நம்மவர்கள் அவர்களைச் சந்திப்பது கொழும்பில், அல்லது பிள்ளைகளிடம் கனடா, லண்டன் என்று போய் நிற்கும்போது. ஒண்டாரியோவில் அவர்களுக்கென்று சட்டப்படி ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. பிரித்தானியாவிலும் பொதுக் கைரோபிராக்டிக் சபை இருக்கிறது. பெயரைப் போட்டு இணையத்தில் பதிவைப் பார்த்துவிடலாம். இங்கே பலகையைப் பார்த்து உள்ளே போக முன்னர், எந்த நாட்டில் எந்தக் கல்லூரியில் எத்தனை வருடம் படித்தார் என்று நேரே கேளுங்கள். முழுநேரப் படிப்பு நாலு வருடம் அல்லது அதற்கு மேல் போகும். வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர் வேறு ஆள்.

சலூனில் தலைமயிர் வெட்டி முடிய, கேட்காமலே தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பி முறித்து விடுவார்களே, அது கைரோபிராக்டிக் இல்லை. கழுத்துக்குள்ளால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அந்தத் திருகலில் கிழியக்கூடும், நரம்புக்குச் சேதம் வந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. தலையில் கை வைத்ததும் "வேண்டாம் அண்ணை" என்று சொல்லிவிடுங்கள். யூடியூப்பில் துவாயைக் கழுத்தில் போட்டு இழுக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டில் மகனைக் கொண்டு செய்விப்பதும் இந்த வகைதான்.

முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியார் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறார். கைதடியில் சித்த வைத்தியசாலையும் இருக்கிறது. எண்ணெய், ஒத்தடம், பத்துப் போடுதல் என்று அங்கே போகிறவர்கள் போகலாம். எனக்கு அதில் பிரச்சினை இல்லை, பிசியோவிடம் சொல்லாமல் போவதில்தான் பிரச்சினை. மூன்று இடத்தில் மூன்று பேர் ஒரே தசையைப் பிசைந்தால் அது நோகாமல் என்ன செய்யும்?

உங்களுக்குக் கைரோபிராக்டர் கிடைக்கவில்லை என்றால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. மூட்டை மெதுவாக அசைத்து விடும் மொபிலைசேஷன் பிசியோதெரபிஸ்டின் படிப்பிலேயே உண்டு, சிலர் வேகத் தள்ளலிலும் மேலதிகப் பயிற்சி எடுத்திருப்பார்கள். "கையால் செய்யிற சிகிச்சையும் செய்வீங்களோ?" என்று கேட்டுப்பாருங்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்வதுதான் சேர்த்துப் பார்ப்பதில் சுத்தமான வழி.

கைரோவிடம் போனால், முதல் நாள் கை வைக்க முன்னர் அவர் வருத்த வரலாற்றைக் கேட்டு, தட்டிப் பார்த்து, என்ன செய்யப்போகிறார், என்ன பக்கவிளைவு வரலாம் என்று சொல்ல வேண்டும். வந்ததும் மேசையில் படுக்கவைத்து முறிக்கத் தொடங்கினால் எழும்பிவிடுங்கள். கழுத்தைத் திருப்பித் தள்ளுவது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, மென்மையான முறைகள் அவர்களிடம் உண்டு. நான் என்றால் கழுத்தில் வேகத் தள்ளலை விட்டுவிட்டு, பயிற்சியோடும் மெதுவான அசைவோடும் நிற்பேன். பக்கவாதம் வரும் ஆபத்து மிகச் சிறியதுதான், ஆனால் வந்தால் திருப்ப முடியாது. முன்காசாக 30, 40 தடவைக்குப் பக்கேஜ் எழுதச் சொன்னால், யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வாருங்கள்.

கிழமைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது

கோண்டாவிலில் வெங்காயம் செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 48. இரண்டு மாதமாக நாரி நோ, காலுக்கு இறங்கவில்லை, ஆபத்து அடையாளம் ஒன்றும் இல்லை. பாத்தியில் குனிந்து நின்று ஒரு மணித்தியாலம் போனால் நிமிர முடியாது.

முதல் இரண்டு கிழமை பிசியோதெரபி மட்டும். ஏனென்றால் புதிதாக இரண்டை ஒரே நேரத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இந்த நாட்களில் அவர் இரண்டு மூன்று பயிற்சிகளைச் சரியாகப் பழகிக்கொள்கிறார், பாத்தியில் வேலை செய்யும் முறையை மாற்றுகிறார். நோ இறங்கத் தொடங்கினால் அதோடு நிற்கலாம். கைரோவே தேவையில்லை.

இறுக்கம் விடவில்லை, பயிற்சி செய்யவே நோ விடுகிறதில்லை என்றால் மூன்றாம் கிழமையில் கைச்சிகிச்சையைச் சேர்க்கலாம். கிழமைக்கு ஒன்று, கூடினால் இரண்டு. முதல் தடவை எதையும் பெரிதாகச் செய்யவிடாமல் கொஞ்சமாகப் பார்ப்பது நல்லது. கைச்சிகிச்சை முடிந்த அன்றைக்கு மாலை, அசைவு இலகுவாக இருக்கும்போது, மெதுவான பயிற்சிகளைச் செய்ய வேண்டும். பாரம் கூட்டுகிற கடும் பயிற்சியை அடுத்த நாளைக்கு வையுங்கள். கைரோவிடம் முறித்துவிட்டு நேரே தோட்டத்துக்குப் போய் மண்வெட்டி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் சொல்வது.

ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். திகதி, என்ன சிகிச்சை, அன்றிரவு நோ பத்துக்கு எத்தனை, அடுத்த நாள் காலை எத்தனை, எவ்வளவு நேரம் குனிந்து வேலை செய்ய முடிந்தது. நாலு வசனம் போதும். அந்தக் கொப்பியை இரண்டு பேருக்கும் காட்டுங்கள். கைரோபிராக்டர் கொழும்பிலும் பிசியோ இங்கேயும் என்றால், ஒருவர் எழுதிய குறிப்பை போனில் படமெடுத்து மற்றவருக்குக் காட்டுங்கள். மொத்தத் திட்டத்துக்குப் பொறுப்பான ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அது பிசியோவாக இருப்பது நல்லது.

ஆறாம் கிழமை முடிவில் கணக்குப் பாருங்கள். நோவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் அது வானிலை மாதிரி ஏறி இறங்கும். முன்பு ஒரு மணித்தியாலத்தில் நிமிர முடியாமல் இருந்தவர் இப்போது இரண்டு மணித்தியாலம் நிற்கிறாரா? கிணற்றடியில் வாளி தூக்க முடிகிறதா? நல்லூர்த் தேருக்கு நடந்து போய்வர முடிகிறதா? மாற்றம் எதுவும் இல்லையென்றால் கைச்சிகிச்சையை நிறுத்திவிட்டுத் திரும்ப டொக்டரிடம் காட்டுங்கள். மாற்றம் இருந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள்: இரண்டு கிழமைக்கு ஒன்று, பிறகு தேவைப்பட்டால் மட்டும். பயிற்சி மட்டும் நிற்கக்கூடாது.

வீட்டில் செய்வது

நாரிக்குப் பிசியோக்கள் அநேகமாக முதலில் பழக்குவது இடுப்பைத் தூக்குகிற பயிற்சி. பாயில் மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடியுங்கள். பாதங்கள் இடுப்பகலத்துக்கு இருக்கட்டும், குதிக்கால் உங்கள் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. வயிற்றை மெல்ல இறுக்கி, மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்குங்கள். தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே சரிவாக வந்தால் போதும், அதற்கு மேல் வளைத்து நெஞ்சைத் தூக்க வேண்டாம். 5 எண்ணும்வரை வைத்திருந்து மெதுவாக இறக்குங்கள். 8 முதல் 10 தடவை. தொடையின் பின்பக்கம் குறண்டி இழுத்தால் குதிக்காலை இன்னும் கிட்டக் கொண்டுவாருங்கள், இழுப்பு விடும். நாரியில்தான் பாரம் தெரிகிறது, பின்பக்கத் தசையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் தூக்குகிற உயரம் கூடிவிட்டது.

முழங்காலுக்குக் கதிரையில் இருந்து காலை நேரே நீட்டி, 5 எண்ணி, மெதுவாக இறக்குங்கள். இலகுவாகிவிட்டால் 500 மில்லி தண்ணீர்ப் போத்தலைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் தொங்கவிடலாம். கழுத்துக்கு, நாடியை உள்ளே இழுத்துப் பிடரியை நீட்டுங்கள். இரட்டை நாடி விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

செய்யும்போது நோ பத்துக்கு மூன்று நாலுவரை வரலாம், அடுத்த நாள் காலைக்குள் அடங்கிவிட்டால் கவலை இல்லை. அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் வீட்டு வேலை. நிலத்தில் வைத்த துருவலையில் குந்தி இருந்து தேங்காய் துருவுகிற அம்மா, நாரிக்கும் முழங்காலுக்கும் ஒரே நேரத்தில் வேலை வைக்கிறா. மேசையில் பூட்டிக் கையால் சுற்றுகிற துருவலை வாங்கிக் கொடுத்தால் அது இரண்டு கிழமைச் சிகிச்சைக்கு ஈடாகும். கிணற்றில் அள்ளுபவர்கள் பெரிய வாளியை மாற்றி அரைவாசி வாளியாக இரண்டு தடவை அள்ளுங்கள். கப்பிக் கயிற்றை இழுக்கும்போது முதுகைத் திருப்பாமல் காலைத் திருப்புங்கள். தோட்டக்காரர் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னுக்கு மெல்ல வளைய வேண்டும். குந்தும் கழிப்பறை முழங்காலைப் படுத்துகிறது என்றால் கொமோட் போடுவதைப் பெருமைப் பிரச்சினை ஆக்க வேண்டாம்.

எல்லா மூட்டுக்கும் கைரோ தேவையில்லை

முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் எடை குறைப்பதும்தான் வழி. எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்காலில் விழும் பாரம் ஒவ்வொரு அடிக்கும் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். இங்கே முறிப்பதற்கு ஒன்றுமில்லை. தோள் உறைந்துபோய்க் கை தூக்க முடியாதவர்களில் சலரோகக்காரர் அதிகம். அது மாதக்கணக்கில் பொறுமையாகப் பயிற்சி கேட்கிற வருத்தம், பலமாக இழுத்தால் கூடும். சிக்குன்குனியா வந்து போன பிறகு கைவிரல், கணுக்கால் வீங்கி நோகிறவர்கள், மூட்டு சூடாகிச் சிவந்தவர்கள், காலையில் எழும்பி ஒரு மணித்தியாலம் கை மடக்க முடியாதவர்கள் எல்லாம் முதலில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள்.

செய்த பிறகு என்ன எதிர்பார்க்கலாம்

கைச்சிகிச்சைக்குப் பிறகு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருப்பதும், லேசான தலையிடியும், களைப்பும் வழமை. ஒன்று இரண்டு நாளில் போய்விடும். 15, 20 நிமிடம் சூடு பிடித்து, மெல்ல நடந்தால் போதும். சிகிச்சைக்குப் போக முன்னர் நோக்குளிசை போட வேண்டாம், எந்த இடத்தில் நோகிறது என்று சரியாகச் சொல்ல முடியாமல் போகும்.

ஆனால் கழுத்தில் கை வைத்த பிறகு, அன்றோ அடுத்த சில நாட்களிலோ, இதுவரை அறியாத கடும் கழுத்து நோவோ தலையிடியோ வந்தால், தலை சுற்றினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், விழுங்கக் கஷ்டமானால், முகமோ கையோ மரத்துப்போனால், காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வந்தவர்களிடமும் ஆஸ்பத்திரியிலும், கழுத்து முறித்த விஷயத்தைச் சொல்லுங்கள். சொன்னால் ஏசுவார்கள் என்று மறைக்கக்கூடாது. அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் டொக்டர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். நாரிச் சிகிச்சைக்குப் பிறகு காலில் புதிதாகப் பலமின்மையோ, மூத்திரப் பிரச்சினையோ வந்தாலும் இப்படித்தான்.

சுகமாகி ஆறு மாதத்துக்குப் பிறகு நாரி திரும்பப் பிடித்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், நாரி நோவின் சுபாவமே அதுதான். கொப்பியை எடுத்துப் போன தடவை எது வேலை செய்தது என்று பாருங்கள். அந்தப் பயிற்சிகளைக் குறைந்த எண்ணிக்கையில் அன்றைக்கே தொடங்குங்கள். இரண்டு கிழமையில் இறங்காவிட்டால் பிசியோவிடம் ஒரு தடவை போய்வாருங்கள். வெளிநாட்டுக்குப் பிள்ளைகளிடம் போகிறவர்கள் கொப்பியையும் இங்கே தந்த பயிற்சித் தாளையும் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற கைரோவோ பிசியோவோ முதலில் கேட்கப்போவது, இதுவரை என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.